டிராயிங் பீரியடை வரலாற்றோடு சேர்க்கலாமா?

கேள்வி. ஜூன் 3

செவ்வியல் முறைப் பள்ளி (பழைய கிரேக்க, லத்தீன் வழிக் கல்வி) ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு ஓவியம் எடுக்கிறேன். இங்கே வரலாறு நான்கு வருஷச் சுற்று. முதல் வருஷம் பழங்காலம், அடுத்தது இடைக்காலம், அப்புறம் மறுமலர்ச்சி முதல் புரட்சிகள் வரை, கடைசியில் நவீன காலம். இந்த வருஷத்திலிருந்து ஓவியமும் அதே வரிசையில் போக வேண்டும் என்கிறார்கள். எகிப்து நடக்கும்போது எகிப்து, ரோம் நடக்கும்போது ரோம். எனக்கென்னவோ ஓவிய வகுப்பு வரலாற்றுக்கு எடுபிடி வேலை பார்க்கப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. அட்டையில் பிரமிடு செய்வது, கிரேக்கப் பானைக்குக் கலர் அடிப்பது. யாராவது இப்படி நடத்திப் பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 3, இரவு

பார்த்திருக்கிறேன், ஒன்பது வருஷம். நான் வரலாற்று ஆசிரியை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே கோணும். பக்கத்து அறை டிராயிங் மாஸ்டரோடு சேர்ந்து நடத்தினேன். சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எடுபிடி ஆகிவிடும் என்ற உங்கள் பயமும் நியாயம்தான், எங்களுக்கு முதல் இரண்டு வருஷம் அப்படியே ஆனது. அட்டைப் பிரமிடு நானும் செய்ய வைத்திருக்கிறேன். பசை காய எவ்வளவு நேரமாகும் என்பதைத் தவிர அதில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜூன் 4, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டேன். எகிப்திலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கும் அதுதான் முதலில் வரும்.

எகிப்தியர் சுவரில் நிற்கும் ஆளை வரைவதற்கு முன்னால் கட்டம் போட்டுக்கொள்வார்கள். உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் ஆறாவது கோட்டில் வரும், தோள் பதினாறாவதில். வேலை முடியாமல் நின்றுபோன கல்லறைச் சுவர்களில் அந்தச் சிவப்புக் கோடுகளை இன்றைக்கும் பார்க்கலாம். மாஸ்டர் கிராஃப் தாளில் 18 கட்டம் எண்ணிக் கொடுத்தார். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள் நேராக, இடுப்புக்குக் கீழே மறுபடி பக்கவாட்டில். பிள்ளைகள் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாதத்துக்கு வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இவருக்கு ரெண்டும் இடது காலா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்து நிற்கிற உருவம். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல் மட்டும் தெரிகிறது, உள்வளைவும் இரண்டிலும் தெரிகிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் காலில் சுண்டுவிரல் அல்லவா தெரிய வேண்டும்? அதே படத்தை நான் அதற்கு முன் நான்கு வருஷம் காட்டியிருக்கிறேன். மதம், நைல், பார்வோன் எல்லாம் விளக்கியிருக்கிறேன். காலைப் பார்த்ததில்லை. வரைந்தவள் கண்ணில் பட்டது, விளக்கிக்கொண்டிருந்தவள் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு மீதி நேரம் முழுக்கச் சண்டை. வரையத் தெரியாமல் செய்தார்களா, வேண்டுமென்றே செய்தார்களா? அடுத்த உலகத்துக்கு உடம்பு முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் ஒவ்வோர் உறுப்பையும் அது நன்றாகத் தெரியும் பக்கத்திலிருந்து காட்டுவதுதானே பத்திரம்? அங்கிருந்து அரசு, பூசாரி, வரி என்று வரலாறு தானாக வந்தது. மூவாயிரம் வருஷம் அசையாத அரசு, அசையாத கோடு. அட்டையும் பசையும் இல்லாமலே ஒரு வகுப்பு நடந்துவிட்டது.

ஜூன் 4, மதியம்

சொல்ல மறந்தது. ப்ரொஜெக்டரை நம்பாதீர்கள். அதில் எல்லாப் படமும் ஒரே அளவு. எகிப்து மன்னர் நார்மரைச் செதுக்கிய நார்மர் பலகையைக் காட்டிவிட்டு இது எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். கோட்டைச் சுவர், கோயில் கதவு என்றெல்லாம் சொன்னார்கள். உயரம் 64 செ.மீ.தான், கையில் தூக்கிப் பார்க்கிற கல். அதிலிருந்து ஒரு பழக்கம்: எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் யாராவது ஒருவர் அதன் உண்மை அளவைச் சாக்பீஸால் தரையிலோ சுவரிலோ வரைய வேண்டும். வான் ஐக் என்ற ஓவியரின் ஆர்னோல்ஃபினி தம்பதி, 82க்கு 60 செ.மீ., ஒரு டெஸ்க் மேல் அடங்கிவிட்டது. பிரெஞ்சு ஓவியர் தாவீத் வரைந்த நெப்போலியன் முடிசூட்டு விழா அகலம் கிட்டத்தட்ட பத்து மீட்டர், உயரம் ஆறுக்கு மேல். வகுப்பறைச் சுவர் போதவில்லை, மைதானத்துக்குப் போனோம். அங்கே கோட்டுக்குள் நாற்பது பிள்ளைகள் நின்றும் இடம் மிச்சம் இருந்தது. அதற்கப்புறம் "இதை எதற்கு இவ்வளவு பெரிசாக வரைந்தார்கள்?" என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 7

"செவ்வியல் கல்வி என்றால் ஏழு கலைகள்: இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி, எண் கணிதம், வடிவியல், வானியல், இசை. இதில் ஓவியம் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் பள்ளியிலும் இந்தக் கேள்வி வந்தது, அதுவும் கால அட்டவணை போடும் சமயம் பார்த்து.

அந்த ஏழில் ஓவியம் இல்லைதான். இடைக்காலத்தில் ஓவியர் கைத்தொழில்காரர், அறிஞர் வரிசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ஓவியர்கள் எந்தத் தொழில் சங்கத்தில் இருந்தார்கள் தெரியுமா? மருத்துவர்களும் மருந்துக்கடைக்காரர்களும் இருந்த சங்கத்தில். வண்ணப் பொடி மருந்துக்கடையில்தானே விற்றது. ஆனால் ஏழு கலைப் பட்டியலுக்கு வெகு காலம் முன்பே அரிஸ்டாட்டில் "அரசியல்" நூலின் எட்டாம் பகுதியில் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கற்றுக்கொடுப்பவை என்று நான்கைச் சொல்கிறார்: எழுத்தும் வாசிப்பும், உடற்பயிற்சி, இசை, சிலர் சேர்த்துக்கொள்ளும் நான்காவதாக வரைதல். பொருள் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வரைதல் உதவும், ஆனால் அதற்காக மட்டும் கற்பிப்பதில்லை, உடம்பின் அழகைப் பார்க்கக் கண் பழக வேண்டும் என்கிறார். சிக்யோன் நகரத்துப் பாம்ஃபிலஸ் என்ற ஓவியரின் செல்வாக்கால் சுதந்திரக் குடிமக்களின் பிள்ளைகள் மரப்பலகையில் வரையக் கற்றார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியும் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு பீரியட் கிடைத்தது. அரிஸ்டாட்டில் பெயரைச் சொன்னால் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் மூன்று கேட்டிருப்பேன்.

ஜூன் 8

ரோம். சேர்த்து நடத்துவதில் பலன் என்ன என்று யாராவது என்னை ஒரே ஓர் உதாரணம் கேட்டால் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றி வளைவைத்தான் சொல்வேன். கி.பி. 315இல் எழுப்பியது. அதன் சிற்பங்களில் பல அந்தக் காலத்தவை அல்ல. முந்தைய பேரரசர்களான டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் கால நினைவுச்சின்னங்களிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பதித்தவை. ஒரே சுவரில் மேலே ஹேட்ரியன் காலத்து வட்டச் சிற்பங்கள்: குதிரை, வேட்டை, காற்றில் பறக்கும் அங்கி. அதற்கு நேர் கீழே கான்ஸ்டன்டைன் காலத்து நீண்ட பட்டை: குட்டையான ஆட்கள், பெரிய தலை, வரிசையாக ஒரே மாதிரி முகம்.

இரண்டையும் தனித்தனியாக வெட்டி, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல், காலவரிசையில் அடுக்கச் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரே விடை: குட்டை ஆட்கள் பழசு, வேட்டைக்காரர் புதுசு. ஏன்? "முதல்ல சரியா வரல மிஸ், அப்புறம் கத்துக்கிட்டாங்க."

அவர்களுக்கிடையே ஏறக்குறைய இருநூறு வருஷம், அதுவும் நேர்மாறாக என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஒரு பையன் நான் படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றே சொன்னான். கலையும் மொபைல் ஃபோன் மாதிரி வருஷா வருஷம் மேம்பட்டுக்கொண்டே போகும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? யோசித்தால் நான்தான். "கிரேக்கர்கள் மெல்ல மெல்ல உடம்பை இயல்பாகச் செதுக்கக் கற்றார்கள்" என்று இரண்டு மாதம் முன்னால் கரும்பலகையில் எழுதியது என் கையெழுத்து.

அடுத்த பீரியடில் மாஸ்டர் அந்தக் கீழ்ப்பட்டையை வரைய வைத்தார். பேரரசர் மக்களிடம் பேசும் காட்சி. வரையும்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்: அவர் சரியாக நடுவில் இருக்கிறார், நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார், மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் தலை உடைந்துபோயிருக்கிறது, ஆனாலும் யார் பேரரசர் என்று கேட்கவே தேவையில்லை. "செதுக்கத் தெரியலையா, இல்ல இதுதான் வேணும்னு செஞ்சாங்களா?" என்று ஒருத்தி. எகிப்துக் காலில் தொடங்கிய அதே சண்டை, இப்போது ரோமில்.

ஜூன் 8, இரவு

மேலே "சரிவு" என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ள வந்தேன். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் மூன்று வருஷமும் "ரோமானியக் கலையின் சரிவு" என்றுதான் தலைப்பு. பிள்ளைகள் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

இன்னொன்று. அந்த வகுப்பு அடுத்த வருஷம் இடைக்காலத்துக்குப் போனபோது இத்தாலியின் ரவென்னாவில் சான் விட்டாலே தேவாலயத்தில் இருக்கும் பேரரசர் ஜஸ்டினியனின் மொசைக்கை, அதாவது வண்ணத் துண்டுகள் பதித்த சுவர்ப்படத்தை, காட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த வளைவுல இருந்த மாதிரியே நிக்கறாரு" என்றார்கள். ஜஸ்டினியனோ அவர் மனைவி தியோடோராவோ ரவென்னாவுக்கு வந்ததே இல்லை, சுவரில் மட்டும் வந்து நிற்கிறார்கள். பழைய பாடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பதற்காகத்தான் இந்த நான்கு வருஷச் சுற்றே.

ஜூன் 15

ஒரு வாரமாக நல்லதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று என் மானம் போன கதை.

பிரெஞ்சுப் புரட்சி, 1789. பாடத்தின் முதல் நாள் பெரிய சார்ட்: கையில் மூவண்ணக் கொடியோடு ஒரு பெண், காலடியில் பிணங்கள், பக்கத்தில் துப்பாக்கிச் சிறுவன். டெலக்ரோவா வரைந்தது. பாஸ்டில் சிறை தகர்ந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்தப் படம்தான் என் பின்னால் தொங்கும். ஆறு வருஷம். ஏழாவது வருஷம் ஒரு பையன் கையைத் தூக்கினான். "மிஸ், போன வாரம் காட்டின படத்துல எல்லாரும் விக் வச்சிருந்தாங்களே. இவர் உயரத் தொப்பி போட்டிருக்காரு. நடுவுல மாறிடுச்சா?"

மாறிவிட்டது, நாற்பது வருஷத்தில். அந்தப் படம் 1789 அல்ல, மன்னர் பத்தாம் சார்லஸைத் துரத்திய 1830 ஜூலைப் புரட்சி. இதில் பெரிய வேடிக்கை, வருஷம் படத்திலேயே இருக்கிறது: வலது பக்கம் ஒரு மரக்கட்டையில் ஓவியரின் கையெழுத்து, கீழே 1830. ஆறு வருஷம் அந்த எண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு 1789 என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் பிறந்ததுதான் எங்கள் "ரெண்டு வருஷ" விதி. படத்துக்குக் கீழே ஒரு வருஷம் எழுதினால் போதாது. நடந்த வருஷம் ஒன்று, வரைந்த வருஷம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்த நாளின் கேள்வி.

ஜூன் 16

விதிக்கு இரண்டு மாதிரி கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் படம். நடந்தது 1776 டிசம்பர். லாய்ட்ஸ என்ற ஓவியர் வரைந்து முடித்தது 1851, அதுவும் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில். படகில் பறக்கும் அந்த நட்சத்திரக் கொடியை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1777 ஜூனில்தான். ஆக, இல்லாத கொடி. "பொய்" என்று பிள்ளைகள் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். அதுதான் ஆபத்து. 1851இல் ஒரு ஜெர்மன் ஓவியருக்கு இந்தப் படகு எதற்குத் தேவைப்பட்டது? 1848இல் அங்கே புரட்சி தோற்றது என்று தெரிந்தால் பேனா மறுபடி திறக்கும்.

நெப்போலியன் முடிசூட்டு விழா. நடந்தது 1804 டிசம்பர் 2, வரைந்து முடித்தது 1807. நடுவில் மாடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் நெப்போலியனின் அம்மா அன்று அங்கே இல்லவே இல்லை. வரவில்லை. படத்தில் இருக்கிறார். "கல்யாண ஆல்பத்துல வராத மாமாவை ஒட்டுற மாதிரி" என்றான் ஒருவன். இதற்குமேல் நான் என்ன விளக்கம் சொல்ல.

ஜூன் 16, மாலை

இடைவெளி குறைவாக இருந்தால் நம்பலாமா என்று கேட்பவருக்கு: பேயூ திரைச்சீலை. இங்கிலாந்து மன்னர் ஹரோல்டை நார்மண்டியின் வில்லியம் தோற்கடித்த 1066 ஹேஸ்டிங்ஸ் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே செய்தது என்கிறார்கள். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். பெயரில் திரைச்சீலை என்று இருந்தாலும் நெய்தது அல்ல, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட தையல். மாஸ்டர் ஆளுக்கு ஒரு துணித்துண்டும் ஊசியும் கொடுத்து ஓர் எழுத்தைத் தைக்கச் சொன்னார். ஒரு பீரியட் முழுவதும் போனது. பாதிப் பேருக்கு பாதி எழுத்து, மூன்று பேருக்கு விரலில் ரத்தம். அதற்கப்புறம் 70 மீட்டர் என்ற எண்ணை நான் சொன்னபோது வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்டது.

செவ்வியல் பள்ளியாக இருப்பதன் வசதி இங்கேதான் தெரியும். படத்துக்கு மேலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது. வால் நட்சத்திரத்தைச் சிலர் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் "இஸ்டி மிரன்ட் ஸ்டெல்லா", இவர்கள் விண்மீனைக் கண்டு வியக்கிறார்கள். பிள்ளைகள் அகராதி இல்லாமல் படித்தார்கள். ஒருத்தி மட்டும் முகம் சுளித்தாள்: "மிரன்டுர்னு இல்ல வரணும்?" அவள் படித்த இலக்கணப்படி சரிதான். ஊசி பிடித்தவர்களின் லத்தீனில் தப்புக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு ஒரு வாரம் தாங்கியது.

அப்புறம் வரலாறு. சீலையில் ஹரோல்ட் முடிசூடுகிறார், உடனே வால் நட்சத்திரம், கெட்ட சகுனம். ஹரோல்ட் முடிசூடியது ஜனவரி 6. ஹாலி வால் நட்சத்திரம் வந்தது ஏப்ரலில். நடுவில் இருந்த மூன்று மாதத்தைத் தையல்காரர்கள் சுருட்டிவிட்டார்கள். ஆக, இடைவெளி குறைவு என்பதற்காகச் சாட்சி நேர்மையாகிவிடாது. யார் பக்கத்துச் சாட்சி என்று பார்க்க வேண்டும். ஜெயித்தவர் பக்கம்.

ஜூன் 21

இப்போது பின்வாங்குகிறேன். முதல் நாள் "சேர்க்கத்தான் வேண்டும்" என்று ஒரே போடாகப் போட்டேன். அது முழுக்கச் சரியில்லை.

முதல் சிக்கல்: ராஜாக்களின் காலண்டரும் ஓவியத்தின் காலண்டரும் ஒன்றல்ல. ஜியோட்டோ என்ற ஓவியர் இத்தாலியின் பதுவாவில் சுவர் ஓவியம் வரைந்து முடித்தது 1305 வாக்கில். வான் ஐக் ஆர்னோல்ஃபினி தம்பதியை வரைந்த 1434இல் நூறாண்டுப் போரே முடியவில்லை. மறுமலர்ச்சிப் பாடத்துக்குத் தேவையான இருவரும் எங்கள் அட்டவணைப்படி இடைக்கால வருஷத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், அடுத்த வருஷம் மறுமலர்ச்சியைத் தொடங்கும்போது பாதி வீடு காலி. காந்தாரப் புத்தர் இன்னும் மோசம். கிரேக்க அங்கி மடிப்போடு இருக்கும் அந்தச் சிலையை அலெக்சாண்டர் பாடத்தில் காட்டுவேன், பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று. அலெக்சாண்டர் இறந்தது கி.மு. 323. அந்தச் சிலைகள் பெருகியது கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில், குஷாணர் காலத்தில். அலெக்சாண்டர் கையோடு சிற்பியை அழைத்து வந்ததுபோல் ஒரு வகுப்பே நினைத்துக்கொண்டு போனது. என் ரெண்டு வருஷ விதியை நானே மீறியிருக்கிறேன். இப்போது அந்தச் சிலை குஷாணர் பாடத்துக்குப் போய்விட்டது.

இரண்டாவது சிக்கல் பெரியது, அது மாஸ்டர் சொன்னது. ஐந்தாவது வருஷ முடிவில் ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், உங்க பிள்ளைங்க எகிப்துக் கண்ணு நல்லா போடறாங்க. எதிர்ல இருக்கற டம்ளரை வரையச் சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். டம்ளரின் வாய் எல்லார் தாளிலும் ஒரு நேர்க்கோடு, அல்லது எலுமிச்சம்பழம்.

கை பழகுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: கோடு, வடிவம், நிழல், தூரம். அந்த வரிசை வரலாற்றுக்காகக் காத்திருக்காது. தூரத்தைக் கணக்குப்படி வரைந்து காட்டிய மறுமலர்ச்சிக் கலைஞர் ப்ரூனெலெஸ்கி வரும் வருஷம் வரை ஒரு பிள்ளை பெட்டியை வரையத் தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் வாரத்தில் ஒரு பீரியட் மாஸ்டருக்கே முழுசாக, டம்ளர், செருப்பு, ஜன்னல், சொந்தக் கை, எதுவும். நான் உள்ளே போவதில்லை. இன்னொரு பீரியட்தான் இருவருக்கும் பொது.

கேள்வி கேட்டவரே, உங்கள் பயத்துக்கு என் உண்மையான பதில் இதுதான். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு பீரியடை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் சம்மதம் சொல்லுங்கள்.

ஜூன் 22

ஆடையில்லாத சிலைகளை என்ன செய்தேன் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது. ஒளிக்கவில்லை. முதல் நாளே "நாளைக்கு இப்படிச் சிலைகள் வரும், சிரிப்பு வந்தால் இன்றைக்கே சிரித்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். ஒரு பெற்றோர் ஆட்சேபம் சொன்னபோது அதையே பாடத்தில் சேர்த்துக்கொண்டேன், பெயர் சொல்லாமல்தான். மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கும் இதே ஆட்சேபம் வந்தது. அவர் இறந்த பிறகு டானியேலே ட வோல்டெர்ரா என்ற ஓவியரை வைத்து உருவங்களுக்குத் துணி வரைய வைத்தார்கள், பாவம் அவருக்குக் "கால்சட்டைக்காரர்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையின் வார்ப்புக்கு, அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாளில் கொக்கியில் மாட்டிவிட பிளாஸ்டரில் ஓர் இலையே செய்து வைத்திருந்தார்கள். இலை இன்னும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்ன பிறகு சிலையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, இலையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

ஜூலை 2

பரீட்சை. "ரஃபேல் பிறந்தது 1483, இறந்தது 1520" என்று எழுத வைத்து மார்க் போட்ட பாவம் எனக்கும் உண்டு. இப்போது முன்பின் பார்க்காத ஒரு படம், பத்து நிமிஷம் பேச்சில்லாமல் பார்க்க வேண்டும், அப்புறம் எழுதலாம். முதல் மூன்று நிமிஷம் நெளிவார்கள். நான்காவது நிமிஷத்துக்கு மேல்தான் கண் வேலை செய்கிறது.

போன வருஷம் பழங்காலக் கிரேக்கர் எக்ஸீகியாஸ் வரைந்த பானை. ட்ராய் போரில் சண்டையிட்ட அக்கிலீஸும் அயாக்ஸும் முழுக் கவசத்தோடு உட்கார்ந்து சொக்கட்டான் மாதிரி ஏதோ ஆடுகிறார்கள், வாயருகே கிரேக்கத்தில் அவரவர் எண்ணிக்கை, ஒருவருக்கு நான்கு, மற்றவருக்கு மூன்று. ஒருவன் எழுதியிருந்தான்: "ரெண்டு பேரும் விளையாடறாங்க, ஆனா ஈட்டியைக் கீழ வைக்கல. போர் முடியல." வேறு எதுவும் எழுதவில்லை. முழு மார்க் போட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு இரண்டு வரிக்கு எப்படி முழு மார்க் என்றார். பானையைக் காட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 19

நவீன கால வருஷம் எப்படி என்று கேட்டிருந்தவருக்குச் சுருக்கமாக. அங்கே ராஜா, போர் இரண்டையும் விட்டுவிட்டுச் சாமானிலிருந்து தொடங்குங்கள். மறுமலர்ச்சி ஓவியத்தில் மரியாளின் நீல அங்கிக்கு வண்ணம் அரைக்கும் நீலக்கல் ஆப்கானிஸ்தானத்து பதக்ஷானிலிருந்து வந்தது, எந்தத் தர நீலம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். 1841இல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்துக் காப்புரிமை வாங்கினார். வண்ணம் சட்டைப் பைக்கு வந்தது, ஓவியர் வயல்வெளிக்குப் போனார். குழாயும் ரயிலும் இல்லாமல், வெளியில் நின்று வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே இல்லை. இந்த வருஷத்தை நான் இன்னும் சரியாக நடத்தியதில்லை. ஜூன் வரை நேரம் போதுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் பிக்காசோவின் குவெர்னிகாவோடு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். 1937 ஏப்ரல் 26 ஸ்பெயினின் குவெர்னிகா ஊரில் குண்டுவீச்சு, அதே வருஷம் ஓவியம். இடைவெளி பூஜ்யம். ரெண்டு வருஷ விதிக்கு அங்கே வேலையே இல்லை.

நவம்பர் 11

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன், ஒரு திருத்தம் இருக்கிறது.

"ரெண்டும் இடது காலா" என்று கேட்ட அந்தப் பெண் இப்போது பெரிய வகுப்பு, என்னிடம் படிக்கவில்லை. நேற்று மதிய இடைவேளையில் நூலகப் புத்தகம் ஒன்றை விரலைச் செருகிப் பிடித்தபடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். எகிப்து மன்னர் அக்நாத்தன் காலத்து அரச குடும்பப் படம். "மிஸ், இதைப் பாருங்க." பார்த்தேன். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பாதத்தில் சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள் வரிசையாக. எதிர்ப் பாதத்தில் கட்டைவிரல். வலது வலதாகவும் இடது இடதாகவும் இருக்கிறது.

அமர்னா காலத்தில், அதாவது அந்த அக்நாத்தன் காலத்தில், கட்டக் கணக்கையே மாற்றினார்கள் என்பது எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும், 18க்குப் பதில் 20. பிற்காலத்தில் அது 21 ஆனதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் "மூவாயிரம் வருஷம் அசையாத கோடு" என்று வகுப்பிலும் சொன்னேன், ஜூன் 4ஆம் தேதி இங்கேயும் எழுதினேன். சொல்ல நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப நீங்க மாறவே இல்லைன்னு சொன்னது?" என்றாள்.

தப்பு என்றேன். சரி என்று புத்தகத்தை மூடினாள். அடையாளத்துக்கு உள்ளே செருகியிருந்த தாள் கீழே விழுந்தது. கிராஃப் தாள், பழுப்பேறிவிட்டது, 18 கட்டம். குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.